மூன்று வண்டிக்கு ஒரு முட்டை

எங்கள் வீட்டில் கார் மூன்று. முட்டை ஒன்றுதான்.

முட்டை என்று நாங்கள் சொல்வது, பக்கத்து நாட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது பின்பக்கம் ஒட்ட வேண்டிய வெள்ளைத் தகட்டை. நீள்வட்டமாக இருக்கும். வண்டி எந்த நாட்டில் பதிவானது என்று காட்டும் எழுத்து நடுவில் கொட்டையாகக் கறுப்பில் இருக்கும். ஊரில் மற்றவர்கள் ஸ்டிக்கராக வாங்கி ஒரேயடியாக ஒட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் பெரியவருக்கு, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, பெயின்ட் போய்விடுமே என்று நெஞ்சு அடைக்கும். அதனால் காந்தத்தில் ஒன்று வாங்கினார். மூன்று வண்டிக்கும் அதுவே. சும்மா இருக்கும் நாட்களில் அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபிரிட்ஜ் பெரியவரின் மனைவி, அதாவது என் ஓரகத்தியின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே நாங்கள் எல்லை தாண்டுவதும் அவள் ஆட்சிக்கு உட்பட்டதுதான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதை ஒட்ட மாட்டோம். வழியில் எவனாவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவானாம். போலீஸைக் கண்டதும் ஹெல்மெட்டை மாட்டுகிற கூட்டம் இல்லையா நாம்? எல்லைக்குச் சற்று முன்னால் சாலையோரத்தில் வண்டிகள் ஒதுங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே இறங்கி, பின்னால் ஒட்டி, உலக யோக்கியர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வரிசையில் போய் நிற்போம். தாண்டியதும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வோம். நான் டிரைவிங் ஸ்கூலில் பாடம் எடுப்பவள். வெளிநாட்டில் ஓடுகிற நேரம் முழுக்க அது வண்டியில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அதையே வீட்டில் வந்து சொன்னால், "உன் பாடத்த உன் ஸ்கூலோட வச்சுக்க" என்பார் பெரியவர். ஊருக்குத்தான் உபதேசம்.

சரி, கதைக்கு வருகிறேன். என் மகளை எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஓரகத்தியின் தம்பி மகன். "என் பொறந்த வீட்டுப் பிள்ளை, தங்கம்" என்று அவள்தான் முன்னால் நின்று முடித்து வைத்தாள். தங்கம் என்ன லட்சணம் என்பது அன்று காலை போனில் தெரிந்தது.

"அம்மா, பாஸ்போர்ட் கெடைச்சிடுச்சு. அவரு பீரோவுல ஒளிச்சு வச்சிருந்தாரு, எடுத்துட்டேன். மாமியார் கண் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறாங்க. அவரு சாயங்காலம்தான் வருவாரு. வந்து கூட்டிட்டுப் போயிடும்மா. இன்னைக்கே."

"என்னடி ஆச்சு?"

"கையத் தூக்க முடியல. நேர்ல சொல்றேன். வீட்டுக்கு வராத, தெருமுனையில மருந்துக்கடை இருக்குல்ல, அங்க நிக்கறேன். பாஸ்போர்ட்டக் காணோம்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் என்னை வெளியவே விட மாட்டாரும்மா."

அழவில்லை. தபாலில் வந்ததைப் படித்துச் சொல்கிற குரலில் சொன்னாள். அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அழாததால் எனக்கு வந்தது வெறி.

ஸ்கூல் வண்டியை எடுக்க முடியாது. இரண்டு பக்கமும் பிரேக் உள்ள பயிற்சி வண்டி அது, எல்லை தாண்ட அனுமதி கிடையாது. எங்கள் வண்டி மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது, வீட்டின் மூன்றாவது வண்டி வெளியூர் போயிருந்தது. மிச்சம் பெரியவர் கார்தான். என் கணவரிடம் சொன்னேன்: "சாவி வாங்கித் தாங்க. எதுக்குன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க." அவரிடமா சொன்னேன்? சளி பிடித்தால்கூட அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் தும்முகிற மனிதர். ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு வந்து நின்றார். கையில் சாவி இருந்தது. பின்னாலேயே பெரியவரும் வந்தார்.

"வண்டிய எடுத்துட்டுப் போ, நான் வேணாங்கல" என்றார். "உங்க அக்காவும் கூட வருவா. பேசி ஒத்துமையா விட்டுட்டு வாங்க."

"கை ஒடிஞ்ச பிறகு பேச என்ன அத்தான் இருக்கு?"

"நீயே டாக்டரா? போய்ப் பாரு முதல்ல."

என் கணவர் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போதும் பார்க்க ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். நான் அவரிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசினால் அன்றைக்கு இரண்டு கல்யாணம் முறிந்திருக்கும்.

ஓரகத்தி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் உட்கார்ந்தால் மகாராணிக்குக் கிரீடம் இடிக்கும் போல. வரும்போதே ஃபிரிட்ஜ் கதவிலிருந்து முட்டையை எடுத்து அவளே கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நான் வச்சிருக்கேன், நீ ஓட்டு" என்றாள். டாக்ஸிக்காரனிடம் சொல்வது மாதிரி. அன்றைக்கு எனக்கு வேண்டியது சக்கரம் உருள்வது ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஊர் எல்லை தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"கல்யாணம் ஆன புதுசுல எல்லா வீட்லயும் இருக்கறதுதான்."

"ரெண்டு வருஷம் ஆச்சு அக்கா. இன்னும் புதுசு போகலையா?"

"அவன் கொஞ்சம் கோவக்காரன். மனசு தங்கம்."

"தங்கத்த லாக்கர்ல வைங்க. எம்பொண்ணு கையில எதுக்கு?"

"இதோ, இந்த வாய். இதுதான் உம் பொண்ணுக்கும் வந்திருக்கு. ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு நாலு பேர அதட்டிப் பழகிட்ட நீ. புருஷன் எதுக்க நின்னு பதில் சொன்னா அவன் என்ன பண்ணுவான்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முன்னால் ஒரு லாரிக்காரன் திடீரென்று பிரேக் போட்டான். நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அந்தப் பதிலைக் கேட்டு அவள் வழியிலேயே இறங்கியிருப்பாள், நான் முட்டைக்கு எங்கே போவேன்?

நிறுத்துமிடத்துக்கு வந்தோம். வழக்கம்போல நாலைந்து வண்டிகள் நின்றன. ஒருவர் துண்டால் பின்பக்கத்தைத் துடைத்துத் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் மனைவி "கோணலா இருக்கு, கோணலா இருக்கு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கிப் பின் கதவைத் திறந்தேன்.

"முட்டையக் குடுங்க அக்கா."

கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டாள். "குடுக்க மாட்டேன்."

"என்னது?"

"திருப்பு வண்டிய. நாளைக்கு ஆம்பளைங்க போய்ப் பேசட்டும். நீ பாட்டுக்குத் திருட்டுத்தனமாப் பொண்ணை அழைச்சிட்டு வந்துட்டா, என் தம்பி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் எம்பொண்ணுக்குக் கட்டுப் போட வருவாங்களா?"

"நானும் அவள வளத்தவதான். எனக்கு இல்லாத அக்கறையா உனக்கு?"

இது எனக்குப் பொறுக்கவில்லை. அதில் பாதி உண்மை என்பதும் ஒரு காரணம். நான் விடிந்ததும் கிளாஸுக்கு ஓடிவிடுவேன், பிள்ளை அவள் இடுப்பில்தான் வளர்ந்தாள். ஆனால் அதைச் சொல்கிற நேரமா அது? பையைப் பிடித்து இழுத்தேன். அவள் அந்தப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சாலையோரக் கால்வாய்க்கரையில் நின்று, முட்டையை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே வீசினாள். சேறும் தண்ணீருமாக ஓடுகிற கால்வாய். ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

"இப்ப போ பாப்பம்" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

துண்டுக்காரர் ஸ்டிக்கரை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "சண்டை வேணாம்மா. அந்தக் கடையில கெடைக்கும்" என்று எதிரே ஒரு பெட்டிக்கடையைக் காட்டினார். ஓடினேன்.

கடைக்காரர் ஸ்டிக்கர் கட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நம்ம எழுத்து தீந்துபோச்சு மேடம். காலையில ஒரு கல்யாண கோஷ்டி வரிசையா வண்டி போட்டு வந்து வழிச்சு வாங்கிட்டுப் போயிட்டாங்க. அந்த நாட்டு எழுத்து இருக்கு. தரட்டுமா?"

"அந்த நாட்டு எழுத்த நான் ஏங்க ஒட்டணும்? வண்டி எங்க பதிவாகியிருக்கோ அந்த எழுத்தத்தான் ஒட்டணும். மாத்தி ஒட்டினா திருட்டு வண்டின்னு புடிச்சு வச்சுப்பாங்க."

"அப்படியா? நெறைய பேரு போற நாட்டு எழுத்தத்தான் கேட்டு வாங்கறாங்க மேடம். ஒரு மரியாதைக்கு."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு வழியில்லை, நேரே சோதனைச் சாவடிக்கே ஓட்டுவது என்று வண்டியில் ஏறினேன். ஓரகத்தி சாவகாசமாக வந்து மறுபடி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். எப்படியும் திருப்பி அனுப்புவார்கள், சொகுசாக வீட்டுக்குப் போகலாம் என்ற நம்பிக்கை.

அதிகாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார். "எழுத்து எங்கம்மா?"

"கால்வாய்ல இருக்கு சார்."

"வெளையாடறீங்களா?"

"வெளையாடற நெலமையில நான் இல்ல சார். எம்பொண்ண அங்க அடிச்சுப் போட்டிருக்காங்க. கூட்டிட்டு வந்துடறேன். அபராதம் போடுங்க, என்ன வேணா பண்ணுங்க. வண்டிய மட்டும் விடுங்க."

"தெனமும் இந்த மாதிரி ஆயிரம் கதை கேக்கறேன்மா. எழுத்து இல்லாம நான் விட்டு, அந்தப் பக்கம் புடிச்சா என் தலைதான் உருளும். திருப்பிக்கிட்டு ஓரமா போங்க."

பின்னால் ஓரகத்தி போனில் பேசுகிற குரல் கேட்டது. மெதுவாகப் பேசுகிறோம் என்று அவளுக்கு நினைப்பு. "ஆமாண்டா. பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்பறாளாம். வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போ, இப்பவே போ. நான் இவள இங்க நிறுத்தி வச்சிருக்கேன்."

அந்த நிமிஷம் அவளை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் என் கண் சாவடிக்குப் பக்கத்தில் போனது. கம்பித் தடுப்புக்குள்ளே ஆட்கள் மூட்டை முடிச்சோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"சார், நடந்து போனா?"

"நடந்து போறவங்களுக்கு எதுக்கும்மா எழுத்து? பாஸ்போர்ட் இருந்தா போங்க."

சாவியை உருவி அவர் கையில் வைத்தேன். "நீங்களே ஓரமா விட்டுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். பின்னால் ஹாரன்கள் அலறின. அதையும் தாண்டி அவள் குரல் கேட்டது.

"அடியே! நடுரோட்டுல விட்டுட்டு எங்கடி போற? எனக்கு ஓட்டத் தெரியாதுடி!"

"கத்துக்கங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்?" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினேன்.

வரிசையில் நின்றபடியே மகளுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. முன்னால் நின்ற ஆள் பாஸ்போர்ட்டைத் தேடி ஒவ்வொரு பையாகத் தடவிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது. மூன்றாவது முறை எடுத்தாள்.

"மருந்துக்கடையில நிக்காத. எதுக்கால வர்ற டாக்ஸியில ஏறு. நேரா எல்லைக்கு வா. காசு நான் குடுத்துக்கறேன்."

"அம்மா, அவரு போன் மேல போன் போடறாரு. தெரிஞ்சிடுச்சாம்மா?"

"எடுக்காத. ஏறு முதல்ல. ஏறிட்டியா?"

"கதவத் தொறக்க முடியலம்மா. ஒரு கையிலதான்… இருங்க அண்ணே, நானே… ஏறிட்டேன்."

அந்தப் பக்கம் டாக்ஸிகள் வந்து நிற்கிற இடத்தில் போய் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வருகிற ஒவ்வொரு வண்டியிலும் மகள் இருப்பதாகவும், ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் அவன் வருவதாகவும் தோன்றியது. ஆத்திரம் எல்லாம் வடிந்து, பயம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. இந்த ஒரு தடவை வந்து சேர்ந்துவிடட்டும், இனிமேல் நான் யாரிடமும் குரலை உயர்த்தக்கூட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கே சிரிப்பு வருகிற வேண்டுதல், ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

வந்தாள். வீட்டுச் செருப்பு, வாராத தலை, தோளில் ஒரு சின்னப் பை. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். முழங்கைக்குக் கீழே வீங்கி நிறம் மாறியிருந்தது. கட்டிப்பிடிக்கப் போனவள் எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றேன். டாக்ஸிக்காரர் காசை வாங்கிக்கொண்டு, "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, வழியெல்லாம் வலி தாங்கல பாப்பாவுக்கு" என்றார்.

அவள் பைக்குள் போன் மறுபடி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"யாரக் கேட்டுடி வெளிய போன?"

"என்னைக் கேட்டுத்தான்."

உடனே அவன் குரல் குழைந்தது. "நீங்களா? குடும்ப விஷயம்ங்க, உக்காந்து பேசுவோம். எங்க அத்தை எல்லாம் சொன்னாங்க. அவங்களும் அங்கதான இருக்காங்க, அவங்ககிட்ட குடுங்க, அவங்க சொன்னா புரிஞ்சுக்குவீங்க…"

"ஒரு கைய ஒடிச்சாச்சு. இன்னொரு கை பாக்கி இருக்கேன்னு பேசக் கூப்பிடறியா? இனிமே உங்கூடப் பேச டாக்டர் சீட்டோட போலீஸ் வரும். வைடா போன."

மாப்பிள்ளையை வாடா போடா என்று பேசியது அன்றைக்குத்தான். வாய்க்கு இதமாக இருந்தது.

கம்பித் தடுப்பு வழியாகத் திரும்பி நடந்தோம். "அவருக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் இடுப்பில் தூக்கி வளர்த்தவளைப் பற்றி, ஒடிந்த கையோடு நிற்கிற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "வா, அப்புறம் பேசலாம்" என்றேன்.

"பெரியம்மாதான?"

பதிலுக்கு அவள் பையை மட்டும் வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

"மொத தடவ அடிச்சப்பவே அவங்களுக்குத்தாம்மா போன் பண்ணேன். உன்கிட்ட சொன்னா நீ சண்டைக்கு வந்துடுவ, விஷயம் பெருசாயிடும்னு நெனச்சேன். 'நான் கண்டிக்கறேன்டா கண்ணு, அம்மாகிட்ட சொல்லாத'ன்னாங்க. மறுநாள் அவரு வந்து, எங்க அத்தைகிட்டயே என்னைப் பத்தி வத்தி வைக்கிறியான்னு அடிச்சாரு. அடுத்த தடவையும் அவங்களுக்கேதான் பண்ணேன். வேற யாருக்குப் பண்றதுன்னு தெரியல. அதுக்கும் அடி விழுந்துச்சு. அப்புறம்தான் பாஸ்போர்ட்டத் தேட ஆரம்பிச்சேன்."

சாவடிக்கு வந்துவிட்டோம். காரை ஓரமாக விட்டிருந்தார்கள். ஓரகத்தி வெயிலில் நின்றுகொண்டு அதிகாரியிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிறுத்தினாள். அந்தக் கையைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே, "அடி என் கண்ணே!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஜாதி அவள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணில் வந்தது நிஜத் தண்ணீர்தான். அதை இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன்.

மகள் என் பின்னால் ஒதுங்கினாள். அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். காலையில் கதை என்று சொன்னவர், இப்போது அந்தக் கையையே பார்த்தார். சாவியை என்னிடம் நீட்டினார். "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்றார். நான் அதை வாங்கி ஓரகத்தியின் கையில் வைத்தேன். "அத்தானை வரச் சொல்லி ஓட்டிட்டுப் போங்க. நாங்க வேற வண்டியில போய்க்கறோம்."

"என்னடி பேசற? எம்பொண்ணுடி அவ! நான் தூக்கி வளத்தவ. சார், நான் இந்தப் பொண்ணோட பெரியம்மா. நான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போறேன். நீங்களே சொல்லுங்க சார்."

அதிகாரி என்னை விட்டுவிட்டு மகளைக் கேட்டார். "என்னம்மா? இவங்க உங்க பெரியம்மாவா? கூட வரலாமா?"

இத்தனை வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. மகள் முந்திக்கொண்டாள். காலையில் போனில் பேசிய அதே குரல்.

"இல்ல சார். இவங்க அவரோட அத்தை."

ஓரகத்தி நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. என் மகள் அவளைப் பார்க்கவில்லை.

"அப்படின்னா நீங்க தள்ளி நில்லுங்கம்மா" என்றார் அதிகாரி.

ஓரகத்தி தள்ளி நின்றாள்.